கைப்பிடி அகலமும் முதுகு வலிமையும்

ஆரம்பாக்கத்தை அடுத்த பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வலை இழுப்போருக்கும், தறியில் அமர்ந்து நெய்வோருக்கும் முதுகே முதல் மூலதனம். அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளில் இராணுவத்தில் சேர விரும்புவோர்க்கும் அஃது அவசியம். கம்பியைப் பற்றித் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேல் வருமாறு 10 முறை உயர்வோர்க்கு ஆட்சேர்ப்பு முகாம்களில் 40 மதிப்பெண் வழங்குவது வழக்கம். 6 முறைக்கு 16 மட்டுமே.

கைகளை அகற்றிப் பிடித்தால் முதுகு அதிகமாக உழைக்கும் என்பது பலருடைய அபிப்பிராயம். முதுகெலும்பிலும் இடுப்பிலும் தொடங்கி, விசிறிபோல் குவிந்து மேற்கையில் சேரும் பெருந்தசையே இவ்வேலையைப் பெரிதும் செய்கிறது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வு ஒன்றில், இதே அசைவுள்ள இழுபொறியைக் கொண்டு 15 ஆடவர் சோதிக்கப்பட்டனர். தோளளவு, ஒன்றரை மடங்கு, இரு மடங்கு என மூன்று பிடிகளிலும் அத்தசையின் உழைப்பு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. மிக அகன்ற பிடியிலோ இழுக்க இயன்ற எடை குறைந்தது.

ஆகவே, தோளளவுக்கும் அதன் ஒன்றரை மடங்குக்கும் இடைப்பட்ட பிடியே பழகுவோர்க்கு ஏற்றது. கைகளை முழுதும் நீட்டித் தொங்கி, ஆட்டமின்றி உயர்ந்து, மெதுவாக இறங்குதல் வேண்டும். ஒரு முறையும் உயர இயலாதவர், மேடைமீது ஏறிக் கம்பியைப் பற்றி, மெல்ல இறங்கிப் பழகலாம். தோள் வலி உடையோர் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவார்களாக. நாள் முழுதும் வலை இழுத்தவருக்கு அன்று ஓய்வே நலம் தரும்.