சுவர் கட்டிட்டா ஆறு அடங்கிடுமா?

போடியில இருந்து போடிமெட்டுக்கு பஸ்ல போயிருக்கீங்களா? 17 கொண்டை ஊசி வளைவு! 26 கிலோமீட்டர் ரோட்டுல சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிடுவீங்க. காது அடைக்கும், காத்து ஜில்லுனு மாறும், ஏலக்காய் வாசம் வரும்.

இப்போ அதே கணக்கைத் தலைகீழாப் போடுங்க. ஐப்பசி மழை மலையில கொட்டுது. பஸ்ஸுக்கு வளைவு உண்டு, தண்ணிக்கு ஏது? மேட்டுக்கு அந்தப் பக்கம் பெய்றது கேரளாவுக்கு. இந்தப் பக்கம் குரங்கணி, கொட்டக்குடி மலைகள்ல பெய்றது கொட்டக்குடி ஆறா போடிக்கு வந்து, தேனி வழியா வைகை அணைக்குப் போகுது. கோடையில பார்த்தா, 'இதுவா வெள்ளம் கொண்டு வரும்?'னு தோணும். மலையாறுகளோட குணமே அதுதான். கொஞ்ச நேரத்துல ஏறும், கொஞ்ச நேரத்துல இறங்கும். நடுவுல நம்ம தெரு!

இது நடக்குமான்னு கேட்காதீங்க

1924 ஜூலை மழையில, மலைக்கு மேல மூணாறுல ஓடிட்டிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையே அழிஞ்சு போச்சு. அந்த ரயில்ல டாப் ஸ்டேஷன் வந்த தேயிலைதான் ரோப்வேயில கொட்டக்குடிக்கு இறங்கி, போடிக்கு வந்துச்சு. அந்தப் பாதையைத் திரும்பப் போடவே இல்லை.

'அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம் பாஸ்'னு சொல்றீங்களா? அங்கதான் ஏமாந்து போறோம். இன்ஜினீயரிங்ல 'நூறு வருஷ வெள்ளம்'னா, எந்த வருஷத்துலயும் வர 100-ல் 1 வாய்ப்புனு அர்த்தம். வந்துட்டா நூறு வருஷம் லீவுனு அர்த்தம் இல்லை! 30 வருஷ வீட்டுக் கடன் வாங்கி ஆத்தோரம் வீடு கட்டினா, கடன் முடியறதுக்குள்ள அந்த வெள்ளத்தைப் பார்க்கிற வாய்ப்பு 26 சதவிகிதம். நாலுல ஒரு பங்கு!

சுவர் செய்ற வேலை... சுவர் செய்ற வினை

உடனே தெருவே சேர்ந்து கேட்கும்: "ஆத்தோரமா ஒரு சுவர் கட்டிக் கொடுங்க சார்!" நியாயமான ஆசைதான். ஆனா ஒரு சின்னக் கணக்கு. 60 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், நொடிக்கு 3 மீட்டர் வேகம்னு ஒரு ஆறு ஓடுதுனு வெச்சுக்குவோம். நொடிக்கு 360 கனமீட்டர் தண்ணி. ஆத்துக்குள்ளயே சுவரை இறக்கி, அகலத்தை 40 மீட்டரா சுருக்கினா? வேகம் மாறாட்டி ஆழம் 3 மீட்டர் ஆயிடும். நிஜத்துல வேகமும் கூடும். அந்த வேகம் சுவரோட அஸ்திவார மண்ணையே அரிக்கும். சுவர் இல்லாத எதிர்க்கரைக்காரங்க பாவம்!

இன்னொரு வம்பும் இருக்கு. தெருவுல பெய்ற மழை எங்கே போகும்? சாக்கடை ஆத்துல கலக்குற இடத்துல ஒருவழிக் கதவு வேணும். இல்லைன்னா ஆறு ஏறும்போது வெள்ளம் சாக்கடை வழியாவே வீட்டுக்குள்ள வரும். கதவு மூடின நேரத்துல தெருத் தண்ணியை வெளியேத்த பம்ப்செட்டும் வேணும். இது ரெண்டும் இல்லாத சுவர், தெருவைத் தொட்டியாக்கிடும்.

இடம் விட்ட ஊர்

நெதர்லாந்துல 1995 வெள்ள பயத்துல சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேத்தினாங்க. அப்புறம் அவங்க 'கரையை உயர்த்திக்கிட்டே போனா போதாது, ஆத்துக்கு இடம் விடணும்'னு திட்டம் போட்டாங்க. நைமேகன் நகரத்துக்கு எதிரே லென்ட்ங்கிற இடத்துல கரையை 350 மீட்டர் பின்னாடி தள்ளி, ஆத்துக்குப் புதுசா ஒரு கால்வாயே வெட்டினாங்க. அதுக்காக சுமார் 50 வீடுகள் போச்சு. ஜனங்க எதிர்த்தாங்க, பேசினாங்க, வருஷக்கணக்கா வாதாடினாங்க.

நம்ம பக்கம் வாங்க. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினதும், கரையோரக் குடும்பங்கள் பலதை பெரும்பாக்கத்துக்கு மாத்தினாங்க. வெள்ளத்துல இருந்து தப்பிச்சாச்சு. ஆனா வேலையும் ஸ்கூலும் எங்கேயோ போயிடுச்சு. 'ஆத்துக்கு இடம் விடணும்'னு சொல்றது சுலபம். யாரோட இடம்? அதை அந்தத் தெருக்காரங்க இல்லாம முடிவு பண்ணா, அது திட்டம் இல்லை, தீர்ப்பு.

எதை முதல்ல செய்யணும்?

* ஆத்தோட பழைய அகலத்தை அளந்து எல்லைக் கல் நடணும். இனிமே அதுக்குள்ள கட்டடம் கூடாது.
* மலைச்சரிவுல மண்ணைக் காக்கணும். ஏலமும் காப்பியும் மர நிழல்ல வளர்ற பயிர்கள். நிழல் மரம் போனா தண்ணியோட மண்ணும் இறங்கி, ஆத்துப் படுகை மேடாகும்.
* முள்செடி, குப்பை, கட்டட இடிபாடு எல்லாத்தையும் மழைக்கு முன்னாடியே அள்ளணும். பாலத்துக்கு அடியில அடைப்பு கூடவே கூடாது.
* மேலே மழை வலுத்தா கீழே தெருவுக்குத் தகவல் வரணும். மலையாத்துல அரை மணி நேரம்கூட உயிர் காக்கும்.
* இத்தனைக்கும் அப்புறம், எங்கே வேற வழியே இல்லையோ, அங்கே மட்டும் சுவர்.

நாம என்ன பண்றதுனு கேட்கறீங்களா? ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு டேப், ஒரு நோட்டு, ரெண்டு ஃப்ரெண்ட்ஸ். ஆத்தோரத் தெருவுக்குப் போங்க. வாசல்ல உட்கார்ந்திருக்கிற பாட்டிகிட்ட கேளுங்க: "ஆத்தா, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" அவங்க கை காட்டுற இடத்தை அளந்து, வருஷத்தோட எழுதிக்குங்க. பத்து வீடு முடிச்சா, கையில ஒரு வெள்ள வரைபடம் ரெடி. அதை நகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் கொடுங்க. சுவர் எவ்வளவு உயரம்னு பேசறதுக்கு முன்னாடி, தண்ணி எவ்வளவு உயரம்னு தெரியணும் இல்லையா?