கையொப்பமிடுமுன் வாசியுங்கள்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் பதுளை நகரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நியமனக் கடிதம் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. காலை எட்டரைக்குப் போனால் மாலை ஏழு மணிக்குத்தான் வெளியே வரலாம். பதினான்கு மாதங்கள் அப்படியே போயின. பெருநாள் வியாபாரம் முடிந்த ஒரு மாலை, “வியாபாரம் குறைந்துவிட்டது, நாளையிலிருந்து வரவேண்டாம்” என்றார்கள். கடைசிச் சம்பளத்தைக் கையில் தரும்போது சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளையும் நீட்டினார்கள். பணம் பெற்றதற்கான கையொப்பம் என்று நினைத்து ஒப்பமிட்டேன்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதைப் பல மாதங்கள் கழித்து, அங்கே இன்னும் வேலை செய்துகொண்டிருந்த ஒரு ராத்தா சொன்னார். “எனது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன். எனக்கு வரவேண்டிய கொடுப்பனவு எதுவும் பாக்கி இல்லை.” அதுதான் நான் ஒப்பமிட்ட வாசகம்.

இன்று நான் பதுளையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் இலிகிதராக இருக்கிறேன். தோட்டங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் வேலை இழந்து வருபவர்களை முதலில் உட்காரவைத்து விபரம் எழுதுவது என் பொறுப்பு. எங்கள் சட்டத்தரணி எல்லோரிடமும் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்தாம். “எந்தத் திகதியில் நிறுத்தினார்கள்? எதிலாவது கையொப்பம் வைத்தீர்களா?” இந்த இரண்டு கேள்விகளும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை, இக்கல்லூரியின் பழைய மாணவி என்ற உரிமையோடு, தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நிறுத்தினார்களா, நின்றுவிட்டாரா?

வேலை இழந்தவர் முறையிடும் இடம் தொழில் நியாய சபை. பதுளையிலும் அது இருக்கிறது. அங்கே, “ஆம், நாங்கள்தாம் நிறுத்தினோம்” என்று தொழில் வழங்குநர் ஒப்புக்கொண்டால், நிறுத்தியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. “நாங்கள் நிறுத்தவில்லை, அவராகவே விலகிப் போய்விட்டார்” என்று சொன்னால், தன்னை நிறுத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வேலை இழந்தவர் தலையில் விழுகிறது. ஆகவே நான் வைத்த அந்த ஒரு கையொப்பம், அவர்கள் சுமக்கவேண்டிய சுமையை என் தோளுக்கு மாற்றிவிட்டது.

வற்புறுத்தி வாங்கிய விலகல் கடிதத்தை நியாய சபை கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. ஆனால் வற்புறுத்தல் நடந்தது என்பதை நாம் காட்ட வேண்டும். அப்படி ஒன்று நடந்துவிட்டால் அன்றே, அல்லது மறுநாளே, நடந்ததைத் திகதியோடு எழுதிப் பதிவுத்தபாலில் தொழில் வழங்குநருக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியும் தபால் கந்தோர்ச் சிட்டையும் உங்களிடம் இருக்கட்டும். எட்டு மாதம் கழித்துச் சொல்லும் கதையைவிட மறுநாள் எழுதிய நான்கு வரிகளுக்கு மதிப்பு அதிகம்.

ஆறு மாதங்கள்

திகதியை ஏன் கேட்கிறார்கள்? வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். “மனம் மாறி மறுபடியும் கூப்பிடுவார்கள்”, “பெரியவர் ஒருவர் பேசித் தருவதாகச் சொன்னார்” என்று காத்திருந்து அந்த ஆறு மாதங்களைத் தொலைத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருத்திதான். விபரம் அறிந்து விசாரிக்கப் போனபோது எனக்கு எட்டு மாதங்கள் கடந்திருந்தன.

விண்ணப்பத்தை வேலை இழந்தவர் தாமாகவே கொடுக்கலாம். அவர் அங்கத்தவராக உள்ள தொழிற்சங்கமும் அவருக்காகக் கொடுக்கலாம். நியாய சபையின் தலைவர் சட்ட நுணுக்கத்தை மாத்திரம் பார்ப்பதில்லை. நீதியும் நேர்மையுமான கட்டளை எதுவோ அதைக் கொடுக்கவே சட்டம் அவரைப் பணிக்கிறது. மீண்டும் வேலைக்கு எடுக்கும்படியோ, நட்டஈடு கொடுக்கும்படியோ அவர் கட்டளையிடலாம்.

ஆட்குறைப்புக்கு வேறொரு சட்டமும் உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்களேனும் சேவை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதானால் அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினாலும், அந்தக் காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். “எழுத்துமூலச் சம்மதம்” என்ற சொற்களைக் கவனியுங்கள். வாசிக்காமல் வைக்கும் கையொப்பம் அந்தச் சம்மதமாகவும் ஆகிவிடலாம்.

தோட்டத்தில் இருந்த நிலை

ஒரு தனி ஆள் தன் வேலைக்காக வழக்காடலாம் என்பது நம் நாட்டில் மிகப் பழைய உரிமை அல்ல. தோட்டத்தில் வேலையும் லயத்து அறையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. துரை “பத்துச்சீட்டு” கொடுத்துவிட்டால் வேலை போவதோடு கூரையும் போய்விடும் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் ஒருவரை நீக்கினால் மற்றவர்கள் வேலையை நிறுத்துவதைத் தவிர வேறு வழி குறைவு. 1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையோடு கலந்தே நடப்பதாகத் துரையும் இணங்க வேண்டியதாயிற்று.

1950இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வந்தது. 1957இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலமே தொழில் நியாய சபைகள் அமைந்து, நீக்கப்பட்ட ஒரு தனி மனிதரும் கதவைத் தட்டும் நிலை உண்டானது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தோட்டத்தில் ஒரே நாட்சம்பளம் என்பதும் 1984இல்தான் கிடைத்தது. அதுவரை கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணுக்குச் சம்பளம் குறைவு.

சம்பளத்தில் வரும் பிணக்குகள்

மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து பத்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தோட்டங்களில் பத்தாம் திகதி சம்பளநாளாக இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அன்று பதுளை, பசறை, பண்டாரவளைக் கடைத்தெருக்களில் சன நெருக்கம் கூடும். தேயிலைத் தோட்ட நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஆனால் பிணக்கு பெரும்பாலும் அந்தத் தொகையில் வருவதில்லை. எத்தனை நாள் “பேர்” விழுந்தது, எத்தனை “அரைப்பேர்” என்பதில்தான் வருகிறது. சொன்ன கிலோ பறிக்கவில்லை என்று அரைப்பேர் போட்டால் அந்த நாளின் பாதிச் சம்பளம் போகும். அதனால் தான் வேலைக்குப் போன நாளையும் நிறுத்த கொழுந்தின் நிறையையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்பது ஒவ்வொரு வீட்டிலும் பழக்கமாக வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளை அந்த வேலையைச் செய்யலாம்.

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் உண்டு. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். பதவி, சம்பளம் முதலிய விபரங்களை எழுத்தில் தரவேண்டும். பிள்ளைப்பேற்றுக்கு 84 நாட்கள் விடுமுறை உண்டு. கர்ப்பமாக இருக்கிறார் என்ற காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த முடியாது.

ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியர் 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தொழில் வழங்குநர் மாத்திரம் செலுத்துவார். 1350 ரூபா வீதம் 25 நாட்கள் வேலை செய்தவரின் சம்பளம் 33,750 ரூபா. அவரது பெயரில் அந்த மாதம் சேமலாப நிதிக்குப் போகவேண்டியது 6,750 ரூபா. பரீட்சார்த்த காலம், தற்காலிகம் என்று சொல்லி இதைக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஒரே ஒருவர் வேலை செய்யும் கடைக்கும் இச்சட்டம் பொருந்தும். இது கிடைக்காவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். நியாய சபையின் ஆறு மாத எல்லை இதற்குரியதல்ல. என் பதினான்கு மாதச் சேமலாப நிதியைக் கேட்கும் வழி அப்போதும் திறந்தே இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

பிஸ்கட் டின்

பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாட் சம்பளம். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும்.

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் வேலை செய்தது 27 ஆண்டுகள். பணிக்கொடை கணக்கிட்டிருந்ததோ 19 ஆண்டுகளுக்கு. முதல் எட்டு ஆண்டுகளும் செக்றோலில் வீட்டில் கூப்பிடும் பெயர். அடையாள அட்டை எடுத்த பிறகு வேறு பெயர். “அது வேறு ஆள்” என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். எட்டு ஆண்டுகள் என்றால் 151,200 ரூபா.

அக்கா மடியிலிருந்து துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குள்ளே பழைய சம்பளத் துண்டுகள், ரப்பர் பட்டி போட்டு ஆண்டுவாரியாக. எழுத்து மங்கியிருந்தாலும் செக்றோல் இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. தொழில் அலுவலக விசாரணையில் அந்த இலக்கமே பேசியது. பாக்கிப் பணம் அவருக்குக் கிடைத்தது. “ஏன் அக்கா இதையெல்லாம் வைத்திருந்தீங்க?” என்று கேட்டேன். “எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா. என்ன எழுதியிருக்குன்னு தெரியாததைத் தூக்கிப் போட பயமா இருந்துச்சு” என்றார். வாசிக்கத் தெரிந்த நான் வாசிக்காமல் ஒப்பமிட்டதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நம் வீட்டுக் கடை

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை வாசிக்கும் பெற்றோரில் கடை வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். என் வாப்பாவுக்கும் ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. ஹாலிஎலப் பக்கத் தோட்டத்துத் தம்பி ஒருவர் ஆறு ஆண்டுகளாக அங்கே நிற்கிறார். அலுவலகத்தில் ஊரார் கணக்கையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஒருநாள்தான் உறைத்தது: அந்தத் தம்பிக்குச் சேமலாப நிதி இல்லை.

வாப்பாவிடம் சொன்னேன். “அவன் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. தீபாவளிக்கு உடுப்பு எடுத்துக் குடுக்கிறேன், அவன்ட உம்மாவுக்கு மருந்துக்குக் குடுத்தேன்” என்றார். எல்லாம் உண்மை. “அது நீங்க அன்பாக் குடுக்கிறது வாப்பா. இது அவர்ட காசு” என்றேன். வாப்பா இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கும்படியான நபிவழியைச் சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அடுத்த வாரம் தாமாகவே தொழில் அலுவலகத்துக்குப் போய் விபரம் கேட்டு வந்தார். ஆறு ஆண்டுப் பாக்கியும் தாமதத்துக்கான மேலதிகக் கட்டணமும் சிறிய தொகையல்ல. தவணையாகக் கட்டி வருகிறார்.

தங்கைமாரே, நாளை நீங்கள் கடையிலோ வங்கியிலோ பாலர் பாடசாலையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலைக்குப் போகலாம். முதல் நாளே நியமனக் கடிதத்தை மரியாதையாகக் கேளுங்கள். சம்பளத் துண்டுகளை ஒரு கோவையில் சேருங்கள். எல்லா ஆவணங்களிலும் அடையாள அட்டையில் உள்ள பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். விளங்காத மொழியில் ஒரு தாளை நீட்டினால், “வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். சம்பளம் தரமாட்டோம் என்று பயமுறுத்தினால், வேலை செய்த நாளுக்குரிய சம்பளம் எந்தக் கையொப்பத்தையும் நம்பி நிற்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அன்றைக்கு எனக்கு அது தெரிந்திருந்தால் அந்தத் தாளை மடித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன்.