வணக்கத்துக்கு எத்தனை எழுத்து?

புதுவை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ‘பட்டறை’ என்றால் லேத்துப் பட்டறைதான். 2007-ல் ஒரு பட்டறைக்குப் போய்வந்த கதையை நான் ஆரம்பித்ததும், டீக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் இருந்த தம்பி, “எந்த மிஷின்ல நின்னீங்கண்ணே?” என்று கேட்டான். கையில் எண்ணெய்க் கறை. இரண்டு மணி ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

“மிஷின்தான். ஆனா கம்ப்யூட்டர்” என்றேன்.

2007 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. புதுவையில் வலைப்பதிவர்கள் கூடி நடத்திய பயிற்சிப் பட்டறை. அதற்கு நாலு மாதம் முன்னால், ஆகஸ்ட் 5 அன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் இதே மாதிரி ஒன்று நடந்திருந்தது; அந்தச் சூடு இங்கேயும் தொற்றிக்கொண்டது. வலைப்பதிவு என்றால் என்னவென்று தம்பிக்கு முதலில் சொல்ல வேண்டியிருந்தது. ஃபேஸ்புக் நம் பக்கம் பரவாத காலம். ஆளுக்கொரு பக்கம் திறந்து எழுதுவோம். யார் என்ன எழுதினார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க, கோவைக்காரர் காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ இருந்தது. அதற்குத் திரட்டி என்று பெயர். பெயரே வேலையைச் சொல்லிவிடும்.

அன்று அங்கே நான் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. ‘வணக்கம்’ என்று அடிக்கக் கற்றுக்கொண்டேன். தம்பி சிரித்தான். சிரிக்கிற விஷயமில்லை.

அதற்கு முந்தின வருஷம் ஒரு அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வாசகம் அடித்துக் கொடுத்திருந்தேன். அங்கே திறந்தால் எழுத்தைக் காணோம். டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்று ஆங்கில உளறல். அச்சகக்காரர் மேல் தப்பில்லை, என் மேலும் இல்லை. நான் அடித்தது பாமினி எழுத்துருவில். அந்தக் கால எழுத்துருக்கள் பலவும் உள்ளே ஆங்கில எழுத்தைத்தான் வைத்திருக்கும். மேலே தமிழ் முகமூடி. டி-க்கு ‘வ’ முகமூடி, இசட்டுக்கு ‘ண’ முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். இன்னோர் எழுத்துருவில் டி-க்கு வேறு முகமூடி. கடைக்குக் கடை வேறு படிக்கல் வைத்து நிறுத்த மாதிரி.

யூனிகோடு இதை மாற்றியது. உலகத்தின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண். தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அத்தனையும் நிரம்பவில்லை. ‘க’வுக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண், கொம்புக்கு ஓர் எண். எந்த ஊர்க் கணினியில் திறந்தாலும் ‘க’ ‘க’தான்.

எனக்கு வந்த வில்லங்கம் அந்தக் கொம்பில்தான். நான் தட்டச்சில் தமிழ் ஹையர் பாஸ். ‘செல்வம்’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ‘ச’. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் விரல் போகும். விண்டோஸோடு வந்த விசைப்பலகையில் வீட்டில் அப்படியே அடித்துப் பார்த்தேன். கொம்புக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளியால் ஆன ஒரு வட்டம் வந்து நின்றது. கொம்பு தாங்கிப் பிடிக்க ஓர் எழுத்தைத் தேடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் விரலைப் பார்த்தார், திரையைப் பார்க்கவில்லை. “சார், முதல்ல ச. காதுக்கு எது முதல்ல கேக்குதோ அதை அடிங்க” என்றார். ஒரு வாரமாக உருண்ட பிரச்சினை அரை நிமிஷத்தில் போனது.

“நாங்களும் அப்படித்தாண்ணே. டூல் புடிக்கிற கையத்தான் மேஸ்திரி பாப்பாரு” என்றான் தம்பி.

பட்டறைக்குப் பிறகு, 2014 செப்டம்பரில் காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தில், உலகத் தமிழ் இணைய மாநாடு நடந்தது. பெரிய விஷயம்தான், ஆராய்ச்சிக் கட்டுரை, அயல்நாட்டு அறிஞர்கள். மாநாடு தேவை, எழுத்துக்கு எண் கொடுப்பது போன்ற தகராறெல்லாம் அப்படி உட்கார்ந்து பேசினால்தான் தீரும். தமிழ்99 விசைப்பலகையே 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டின் பிள்ளை. ஆனால் என்னை மாதிரி ஆளுக்கு உற்சாகம் வந்தது பட்டறையில்தான். அன்று வீட்டுக்கு வந்து ராத்திரி ஒரு மணி வரை அடித்தேன். என்ன அடித்தேன் என்று கேட்காதீர்கள். எல்லாரும் எழுதிய முதல் பதிவுதான், ‘வணக்கம், நானும் வந்துவிட்டேன்.’ அந்த உற்சாகத்தில் திறந்த பக்கங்களில் பல, அந்த ஒரு வணக்கத்தோடு நின்றுபோனதும் உண்டு. என்னுடையது பதினொரு பதிவு ஓடியது.

தம்பி கைப்பேசியை எடுத்து ஆங்கில எழுத்தில் ‘வணக்கம்’ அடித்துக் காட்டினான். எட்டுத் தட்டு. என் கைப்பேசியைக் கொடுத்தேன். மலேசியாக்காரர் முத்து நெடுமாறனின் செல்லினம் செயலி இருக்கிறது, அதில் தமிழ்99. “வ, ண, க, இன்னொரு க, ம, கடைசில புள்ளி. அடி.”

அடித்தான். நிமிர்ந்தான். “நடுவுல க்-குக்குப் புள்ளி நான் வைக்கலையேண்ணே?”

அது தானே வைத்துக்கொள்ளும். ஒரே மெய் இரண்டு தரம் வந்தால் முதலாவதற்குப் புள்ளி என்பது அதன் கணக்கு. ‘ந’வுக்குப் பின் ‘த’ வந்தாலும் அப்படியே, ந்த. தமிழில் அப்படித்தானே பெரும்பாலும் வரும்?

“இப்ப எண்ணிப் பாரு. கண்ணுக்கு வ, ண, க், க, ம்: அஞ்சு எழுத்து. விரலுக்கு ஆறு தட்டு. மிஷின் வயித்துக்குள்ள ஏழு எண்ணு. ரெண்டு புள்ளிக்கும் தனித்தனியா எண்ணு இருக்கே.”

டீ ஆறிப்போயிருந்தது. அவன் குடிக்கவில்லை. ‘பட்டறை’ என்று அடித்தான்: ப, ட, ட, ற, ஐ. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான், எண்ணெய் விரலால் காற்றில் எண்ணினான்.

“எழுத்து நாலு, தட்டு அஞ்சு. அப்ப உள்ள ஆறாண்ணே?”