பழைய படகு மோட்டார் கிளம்பவில்லையா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கேரித் தீவு, கோல சிலாங்கூர், பாகான் டத்தோ பக்கம் வார இறுதியில் தூண்டிலோடு கிளம்பும் நம்மவர்கள் பலரிடம் இருப்பது புது மோட்டார் அல்ல. யாராவது ஒரு மீனவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கிய, பதினைந்து இருபது வயதான டூ-ஸ்ட்ரோக் என்ஜின்தான். மலாய்க்காரர்கள் இதை ‘என்ஜின் சங்குட்’ என்பார்கள். படகின் பின்பலகையில் மாட்டித் தொங்குவதால் அந்தப் பெயர். யமஹா, சுசுகி, டோஹாட்சு என எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பழசு என்பது ஒருவகையில் நல்லது. இந்த என்ஜின்களில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. சரியான பெட்ரோல், சரியான தீப்பொறி, சிலிண்டருக்குள் போதுமான அழுத்தம் ஆகிய மூன்றும் இருந்தால் கிளம்பியே ஆக வேண்டும். கிளம்பவில்லை என்றால் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று தேடாமல், தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்குக் கயிற்றை இழுத்துவிட்டு, நேராகப் பட்டறைக்குப் போய் கார்புரேட்டரை மாற்றுவதில்தான் காசு வீணாகிறது.

ஆற்றில் இருக்கும்போது என்ஜின் நின்றுவிட்டால், மோட்டார் மூடியைத் திறப்பதற்கு முன் நங்கூரத்தைப் போடுங்கள். வற்றுநீர் ஓடும் நேரத்தில் முகத்துவாரத்துக்கு அருகே பத்து நிமிடம் என்ஜினோடு மல்லுக்கட்டினால், நிமிர்ந்து பார்க்கும்போது கரை எங்கேயோ போயிருக்கும். உயிர்காப்புச் சட்டை கழுத்து வரை மாட்டியிருக்க வேண்டும். கயிற்றை எழுந்து நின்று இழுக்கக் கூடாது. கயிறு திடீரென்று இலகுவாக வந்தால் இழுத்தவர் பின்னால் தண்ணீரில்தான் விழுவார். கிளம்பாது என்று தெரிந்துவிட்டால், இருட்டும் வரை காத்திருக்காமல், கைப்பேசியில் பேட்டரி இருக்கும்போதே 999-ஐ அழைப்பது நல்லது.

இனி மோட்டாருக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது கருவி எதுவும் தேவைப்படாத விஷயங்களை. சிவப்புக் கயிற்றோடு வரும் கில் சுவிட்ச் கிளிப் தன் இடத்தில் இருக்கிறதா? அது இல்லாமல் ஒரு நாள் முழுக்க இழுத்தாலும் தீப்பொறி வராது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பெட்ரோல் டாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? இந்தத் திருகை மூடியபடியே ஓட்டினால் டாங்கிக்குள் காற்று போக வழியில்லாமல், கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மூச்சடைத்து நின்றுவிடும். ‘ஜெட்டியிலிருந்து நல்லாத்தான் வந்துச்சு, நடு ஆத்துல நின்னுடுச்சு’ என்ற புலம்பலைக் கேட்டால் முதலில் இந்தத் திருகைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்ப். அதன் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது என்ஜினை நோக்கியிருக்க வேண்டும். அம்பு மேல்பக்கம் பார்க்கும்படி பல்பைப் பிடித்து அழுத்தினால், சில அழுத்தலில் கல்போல இறுக வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது. பெரும்பாலும் குழாய் மாட்டும் முனையில் உள்ள ஓ-ரிங் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் பல்புக்குள் இருக்கும் வால்வு கெட்டிருக்கும். அழுத்தினால் உள்ளே போய் அப்படியே சப்பையாக நின்றால், டாங்கிப் பக்கம் அடைப்பு. வெளியே புதிதுபோலத் தெரியும் குழாய்கூட உள்ளே உரிந்து வழியை அடைப்பதுண்டு. குழாயையும் பல்பையும் சேர்த்து மாற்ற ஆகும் செலவு, ஒரு கார்புரேட்டர் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய மோட்டார்களின் பாதி நோய் இங்கிருந்துதான் வருகிறது. தீபாவளிக்கு முன் ஊற்றிய பெட்ரோலைச் சீனப் புத்தாண்டு விடுமுறையில் எரிக்கப் பார்த்தால் எரியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில், பாதி காலியான டாங்கிக்குள் ஈரம் படிந்து நீராகி அடியில் தங்கும். கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தால் அது தண்ணீர். மறுபேச்சில்லாமல் டாங்கியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

எண்ணெய்க் கலவையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் பிடித்தவர்களுக்கு டூ-ஸ்ட்ரோக் கலவை புதிதல்ல. அந்தப் பழக்கத்தில், மெஷினுக்கு வாங்கிய எண்ணெயையே படகு மோட்டாருக்கும் ஊற்றிவிடுகிறார்கள். புல்வெட்டி காற்றால் குளிரும் என்ஜின், படகு மோட்டார் தண்ணீரால் குளிர்வது. இதற்குரிய எண்ணெய்ப் போத்தலில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் 2டி எண்ணெயும் இதற்கு ஆகாது. நாளடைவில் சாம்பல் படிந்து பிளக்கையும் பிஸ்டன் வளையத்தையும் கெடுக்கும். பல மோட்டார்களுக்கு 50-க்கு 1 என்பது கணக்கு, அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி எண்ணெய். சில பழைய மாடல்களுக்கு அளவு வேறு. கையேட்டில் உள்ளதே இறுதி.

பெட்ரோல் சரி என்றால் தீப்பொறி. பெட்ரோல் குழாயைக் கழற்றித் தள்ளி வைத்து, மூடியைத் திறந்து ஆவி போக விடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பலமுறை இழுத்த பிறகும் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. நனைந்து சொட்டினால் பெட்ரோல் அளவுக்கு மீறி வந்துவிட்டது, அல்லது தீப்பொறி இல்லை. கழற்றிய பிளக்கை அதன் வயர் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி என்ஜின் உடம்பில் நன்றாகப் படும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துக் கயிற்றை இழுத்தால் நீல நிறத்தில் பொறி தெறிக்க வேண்டும். மஞ்சளாக, மங்கலாக வந்தால் போதாது. பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் செய்தால் உதறல் பலமாக இருக்கும். காற்று வீசாத மூடிய கொட்டகையில் செய்யவே கூடாது.

15 குதிரைத் திறன் மோட்டார்களில் வழக்கமாக இரண்டு சிலிண்டர், இரண்டு பிளக். ஒன்றில் மட்டும் பொறி இல்லையென்றால் இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. அதே பக்கம் தங்கிவிட்டால் தொப்பி, வயர், காயில் என்று தேட வேண்டும். இரண்டிலும் பொறியே இல்லையென்றால் சந்தேகம் மறுபடியும் கில் சுவிட்ச் மேல்தான். உப்புக்காற்றில் அதன் உள்பகுதி துருப்பிடித்து, நிறுத்தும் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த வயரைக் கழற்றியதும் பொறி வந்தால் சுவிட்ச்சை மாற்றுங்கள். வயரைக் கழற்றியபடியே கடலுக்குப் போவோரும் உண்டு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் அந்தப் படகு நிற்காது, சுழன்று திரும்பி அவர் மேலேயே வரலாம். வயரைக் கழற்றியும் பொறி இல்லையென்றால் சிடிஐ பெட்டி, ஸ்டேட்டர் காயில் என்று போகும். அது மீட்டர் வைத்திருக்கும் போமனுடைய வேலை.

சோக்கை இழுத்தபடியே திரும்பத் திரும்ப இழுத்ததால் பெட்ரோல் நிரம்பிப் போயிருந்தால், சோக்கை உள்ளே தள்ளி, கில் சுவிட்ச் கிளிப்பைக் கழற்றி, பிளக் இல்லாமலே ஏழெட்டு முறை இழுங்கள். கிளிப் இல்லாததால் பொறி வராது, தேங்கிய பெட்ரோல் மட்டும் வெளியேறும். பிளக்கைத் துடைத்து மாட்டிச் சிறிது நேரம் கழித்து முயலலாம். சோக் குளிர்ந்த என்ஜினுக்கு மட்டும்தான். ஓடிச் சூடான மோட்டாருக்கு அது வேண்டாம்.

தீப்பொறி நன்றாக இருக்கிறது, பிளக் மட்டும் காய்ந்தே இருக்கிறது என்றால், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக எண்ணெய் கலந்த பெட்ரோலைப் பிளக் துளைக்குள் விட்டு, பிளக்கை இறுக்கி, சிந்தியதைத் துடைத்துவிட்டு இழுத்துப் பாருங்கள். இரண்டு விநாடி உறுமிவிட்டு நின்றால் மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. இப்போதுதான் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு நியாயம் இருக்கிறது. பழைய பெட்ரோல் பசைபோல் காய்ந்து, ஊசிமுனை அளவே உள்ள பித்தளை ஜெட்டை அடைத்திருக்கும். கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு அந்த ஜெட் எதற்கும் உதவாது.

கயிறு வழக்கத்துக்கு மாறாக இலகுவாக வருகிறதென்றால் அழுத்தம் குறைந்திருக்கிறது. பட்டறையில் கேஜ் வைத்துப் பார்க்கும்போது இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், செலவு செய்வதா விற்றுவிடுவதா என்று வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய கட்டம் அது. பழைய மோட்டார் வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன்பே இந்தச் சோதனையைக் கேட்பது புத்திசாலித்தனம்.

இவ்வளவையும் வீட்டு வாசலில் வைத்துச் செய்கிறவர்கள், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் மோட்டாரின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர் நிறைந்த தோம்பில் இறக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் சில விநாடிகளிலேயே கருகத் தொடங்கும். கிளம்பியதும் பின்பக்கச் சிறுதுளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். உப்புநீரில் ஓடி வந்த நாளில் அதே தோம்பில் நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஓடவிட்டு, பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை விடலாம். அடுத்த முறை கிளம்பாமல் போவதற்கான காரணங்களில் இரண்டு அன்றே குறைந்துவிடும்.