தாயகத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள்

வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் மீட்டுக் கொடுத்த டாக்டர் பால் பிராண்டைப் பலருக்குத் தெரியும். அவர் பிறந்தது 1914இல், நம் கொல்லிமலையில் என்பது சற்றுக் குறைவானவர்களுக்கே தெரியும். அப்பா ஜெஸ்ஸியும் அம்மா ஈவ்லினும் அங்கே மிஷனரிகள். 1923இல், ஒன்பது வயதுப் பாலையும் அவருடைய தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு அவர்கள் மலைக்குத் திரும்பினார்கள். அப்பாவிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. 1929இல் மலேரியாவின் கொடிய வடிவமொன்று ஜெஸ்ஸியின் உயிரைப் பறித்தது. தந்தி முந்திக்கொண்டது, கப்பலேறியிருந்த கடிதங்கள் சாவுச் செய்திக்குப் பிறகும் மகன் கைக்கு வந்து சேர்ந்தன. மிஷன் வரலாறுகள் இத்தகைய பிரிவைப் பெற்றோரின் தியாகம் என்று எழுதும். பெற்றோர் பட்ட துயரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஊழியத்துக்கான அழைப்பு வந்தது அவர்களுக்கு, முடிவெடுத்தவர்களும் அவர்களே. ஒன்பது வயதுப் பையனை யாரும் கேட்கவில்லை. அவன் கொடுத்த விலையையும் பெற்றோரின் பெயரிலேயே வரவு வைப்பது நியாயமான கணக்காகத் தெரியவில்லை.

இந்தப் பிரிவை அழைப்பின் தவிர்க்க முடியாத பகுதி என்றே அன்று நம்பினார்கள். உண்மையில் அது மிஷன் சங்கங்கள் செய்துவைத்திருந்த ஏற்பாடு. பிரிட்டனில் மிஷனரிகளின் மகள்களுக்கு 1838இலும் மகன்களுக்கு 1842இலும் தனிப் பள்ளிகள் தொடங்கிவிட்டார்கள். சீனாவின் தியான்ஜின் நகரில் 1902இல் பிறந்த எரிக் லிடலும் அவருடைய அண்ணனும் இந்த ஆண்கள் பள்ளியில்தான் 1908இல் சேர்க்கப்பட்டார்கள். எரிக்குக்கு அப்போது ஆறு வயது. அதன்பின் பள்ளிப் படிப்பு முடியும்வரை குடும்பம் ஒன்றுகூடியது, பெற்றோருக்கு நீண்ட விடுப்பு கிடைத்த இரண்டு மூன்று தடவைகள்தான். எரிக் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். மறு ஆண்டே சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். 1941இல் போர் நெருங்கியபோது கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தான் சீனாவிலேயே தங்கினார். மூன்றாவது மகளைப் பார்க்காமலேயே, ஜப்பானியரின் தடுப்பு முகாமில் 1945இல் இறந்தார். தகப்பனில்லாத வளர்ப்பு ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை.

வேறு வழி என்ன இருந்தது என்று கேட்கலாம். வெப்பமும் நோயும் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டியதே கீழே அடுத்தடுத்து விழுந்த சாவுகளுக்கு அஞ்சித்தான். இந்த நியாயம் வலுவானது. ஆனால் அதே கொடைக்கானல்தான் மறுப்புக்கும் சான்று. குழந்தையைக் காப்பாற்ற ஒரு குளிர்ந்த மலை போதும் என்று 1845இலேயே தெரிந்திருந்தும், அங்கே மிஷனரி பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வர 1901 வரை ஆயிற்று. இடைப்பட்ட ஐம்பத்தாறு ஆண்டுகளையும் காய்ச்சலின் மேல் போட்டுவிட முடியாது. பணமும் ஆசிரியர்களும் போதவில்லை என்பது உண்மை. அதோடு, வெள்ளைக்காரப் பிள்ளை உள்ளூர்ப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தால் கெட்டுப்போவான் என்ற இன எண்ணமும் வேலை செய்தது. பள்ளி வந்த பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்தால் போதும். சமவெளியில் அனல் பறக்கும் மாதங்களில் பெற்றோர் மலையேறி வந்து தங்குவார்கள். பிள்ளைகள் விடுதியை விட்டு அவர்களோடு போய் இருப்பார்கள். குளிர்கால நீண்ட விடுமுறைக்குப் பிள்ளைகள் கீழே இறங்குவார்கள். ஆண்டுக் கணக்கில் நீண்ட பிரிவு மாதக் கணக்காகச் சுருங்கியது. யாருடைய ஊழியமும் அதனால் கெட்டுவிடவில்லை.

பிள்ளைகள் வெறுத்துப் போகவில்லையே, அவர்களாகவே திரும்பி வந்தார்களே என்பது அடுத்த வாதம். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணியாற்றிய டாக்டர் ஜான் ஸ்கடரின் மகன்களில் ஏழு பேர் மிஷனரிகளானார்கள். ஆற்காட்டு மிஷனை உருவாக்கியவர்கள் அவர்களே. பால் பிராண்டும் 1946இல் வேலூருக்கு வந்தார். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் வாழ்க்கை வரலாறு எழுதப்படுவது இப்படித் திரும்பி வந்தவர்களுக்குத்தான். வராதவர்களின் கதையைச் சபைகள் அச்சிடுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில் மாமு என்ற ஊரில் இயங்கிய மிஷனரி பிள்ளைகளின் உறைவிடப் பள்ளியில் அடியும் பாலியல் கொடுமையும் நடந்ததை, அங்கே படித்தவர்கள் நடுவயதில் விடாப்பிடியாகக் கேட்ட பிறகு, சபை அமைத்த சுயேச்சையான விசாரணைக் குழு 1990களின் பிற்பகுதியில் உறுதி செய்தது. எல்லாப் பள்ளிகளும் மாமு அல்ல. ஆனால், நாம் வாய் திறந்தால் அப்பாவின் ஊழியம் கெட்டுவிடும் என்று அஞ்சும் பிள்ளை, ஏனைய விடுதிப் பிள்ளைகளைவிட இன்னொரு பூட்டு கூடுதலாகப் போடப்பட்டவன்.

இன்று விமானம் உண்டு, வீடியோ அழைப்பு உண்டு. அம்மாவே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. ஆகவே சிக்கல் பதினெட்டு வயதுக்குத் தள்ளிப் போயிருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. சாதாரணமாக மகன் கல்லூரிக்குப் போனால், அவன் விட்டுப்போன வீடும் தெருவும் அங்கேயே இருக்கும், பண்டிகைக்குத் திரும்பலாம். மிஷனரியின் மகனுக்கு வீட்டோடு நாடும் போய்விடுகிறது. பெற்றோர் தாயகம் என்று சொல்லும் நாடு அவனுக்கு விடுப்பில் எட்டிப் பார்த்த இடம் மட்டுமே. அங்கே அவன் முகமும் பேச்சும் உள்ளூர்க்காரனைப் போல இருப்பதால் அவன் அந்நியன் என்றே யாருக்கும் தோன்றாது. உதவி கிடைக்காமல் போவதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று பெயர் வைத்த அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசிம், 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துத்தான் அந்தக் கருத்துக்கு வந்தார். தூதரக அதிகாரியின் பிள்ளைக்கும் இதே நிலைதானே என்றால், ஓரளவு ஆம். ஆனால் அவன் தன் தகப்பனின் வேலையைத் திட்டலாம். கடவுளே கொடுத்த வேலை என்று சொல்லப்பட்டதைத் திட்ட மிஷனரி மகனால் எளிதில் முடியாது.

வெள்ளைக்காரர் கதை என்று இதை நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. வட மாநிலங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து மிஷனரிகள் பல ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கென்றே திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரில் உறைவிடப் பள்ளி நடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் ‘சொந்த ஊர்’ ஒரு திசையில், அம்மா அப்பா வேறு திசையில். கண்ணீரோடு காணிக்கை போட்டு அவர்களை அனுப்பும் சபைகள், பெற்றோரின் ஊதியத்தைப் பேசும் அதே கூட்டத்தில் வேறு சிலவற்றையும் பேசலாம்: ஆண்டில் எத்தனை முறை பிள்ளை பெற்றோரைப் பார்ப்பான், அந்த ரயில் செலவு யாருடையது, எனக்கு இது வேண்டாம் என்று அவன் சொன்னால் கேட்டுக்கொள்ள யார் இருக்கிறார்கள்.