ராஜினாமா கடிதத்துக்கு முன்னால்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அரசு உதவிக்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று போதும் என்பது அங்கே மனு கொடுக்க வருவோருக்குத் தெரியும். தனியார் நிறுவனத்தில் உழைத்து, உடல் முடியாமல் போனவரின் பி.எஃப். பென்ஷனுக்கு அந்தச் சான்று மட்டும் போதாது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் அவருக்கு இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, 10 ஆண்டு பணி முடித்தவர் 50 வயதுக்குமேல் வேலையை விட்டு வாங்கும் முன்கூட்டிய பென்ஷன். மற்றொன்று, பணியில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக இயலாமற்போனவருக்கான பென்ஷன். ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே இதற்குப் போதும். எதை எடுப்பது என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து, ராஜினாமாவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கணக்கே காரணத்தைச் சொல்லும். பென்ஷனுக்குரிய சம்பளம் 15,000 ரூபாய், பணிக்காலம் 14 ஆண்டு என்றால், இரண்டையும் பெருக்கி 70ஆல் வகுக்க மாதம் 3,000 ரூபாய் வரும். இயலாமை பென்ஷனில் இது குறையாது. முன்கூட்டிய பென்ஷனிலோ 58 வயதுக்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள். 55 வயதில் எடுத்தால் சுமார் 2,650 ரூபாய்தான், அதுவும் ஆயுள் முழுக்க. கணவர் இறந்தபின் மனைவிக்கு வருவது அவர் வாங்கியதில் பாதி என்பதால், கணவர் ஏற்ற வெட்டு மனைவியின் தட்டிலும் விழுகிறது. பணியில் இருக்கும்போதே அவர் இறந்தால், அன்றைக்கு அவருக்குக் கணக்காகும் பென்ஷனுக்குக் குறையாத தொகை மனைவிக்குக் கிடைக்கும். அவசர ராஜினாமா இந்தப் பாதுகாப்பையும் சேர்த்து மாற்றிவிடுகிறது.

இயலாமையைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு எளிதில் ஒப்புக்கொள்ளாது, அதுவரை அடுப்பு எப்படி எரியும் என்று கேட்பது நியாயமே. இதயநோய், முதுகுவலி எல்லாமே முழு இயலாமை ஆகிவிடாது. அப்படிப்பட்டவர்கள் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வரை ஆண்டுக்கு 91 நாள் நோய்க்கால உதவி பெறலாம். பட்டியலிலுள்ள நீண்டகால நோய்களுக்கு இது மேலும் நீளும். வேலையை விட்டே ஆக வேண்டுமென்றாலும், பி.எஃப். சேமிப்பை வைத்துச் சமாளிக்க முடிந்தால், பென்ஷனை 58 வயது வரை தொடாமல் வைக்கலாம், வெட்டு இராது. கையில் வேறெதுவும் இல்லாத குடும்பத்துக்கு முன்கூட்டிய பென்ஷன் சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அது மற்ற வழிகளைப் பார்த்தபின் எடுத்த முடிவாக இருக்கட்டும்.

அரசுப் பணியில் சட்டம் இன்னும் தெளிவு. பணிக்காலத்தில் குறைபாடு நேர்ந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, தகுந்த வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இதற்கு முந்தைய சட்டத்தின்கீழ், இயலாமை பென்ஷன் கொடுத்ததைக் காட்டி அந்த உரிமையை மறுக்க முடியாது என்று 2003இல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் தொழிலாளிக்கு இவ்வளவு காப்பு இல்லை. அதனாலேயே அவர் மருத்துவப் பதிவுகளைத் திரட்டி, பி.எஃப். அலுவலகத்தில் விசாரித்து, மனைவிக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.