இபோகெயின்: ஆய்வுகூடம் கைவிட்ட வேர்மருந்து

1962ஆம் ஆண்டு நியூயோர்க்கில், ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்த ஹவார்ட் லொட்சொவ் என்ற 19 வயது இளைஞர், புதியதொரு போதையை நாடி, ஆபிரிக்க வேர் ஒன்றிலிருந்து பெறப்பட்ட பொருளை உட்கொண்டார். நெடுநேரம் கனவுக்காட்சிகள் தோன்றி மறைந்தன. அவை அடங்கியபின் அவர் உணர்ந்தது வியப்புக்குரியது. ஹெரோயினை நிறுத்தியதும் உடலை வாட்டும் வேதனை வரவில்லை. அதன்மீதான வேட்கையும் அகன்றிருந்தது.

அப்பொருளின் பெயர் இபோகெயின். மத்திய ஆபிரிக்காவின் கபோன் நாட்டில் புவிட்டி சமயத்தவர் தீட்சைச் சடங்கில் உண்ணும் இபோகாச் செடியின் வேர்ப்பட்டையில் இது உள்ளது. அச்செடி அலரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் முற்றங்களில் வெண்மையாகப் பூக்கும் நந்தியாவட்டையும் அதே குடும்பமே. இபோகெயினோடு உறவுடைய வேதிப்பொருட்கள் அதிலும் உண்டு.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1901இல் இபோகெயினைப் பிரித்தெடுத்தனர். 1939 முதல் 1960கள் வரை பிரான்சில் இபோகாச் சாறு 'லம்பரேன்' என்ற பெயரில் ஊக்கமருந்தாக விற்பனையானது. 1970இல் அமெரிக்கச் சட்டம் இபோகெயினை மருத்துவப் பயனற்ற போதைப்பொருட்களின் வரிசையில் சேர்த்தது.

லொட்சொவ் 1985இல் காப்புரிமை பெற்றும் பெரிய மருந்து நிறுவனங்கள் முன்வரவில்லை. பழைய இயற்கைப் பொருள். ஓரிரு முறை கொடுத்தால் போதும் எனக் கருதப்பட்டது. நோயாளிகளோ சமூகம் ஒதுக்கிவைத்தவர்கள். இலாபக் கணக்கிற்கு இது ஒத்துவரவில்லை எனலாம். 1993இல் மனிதரிடையே பரிசோதிக்க அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அதே ஆண்டில், அதிக அளவு கொடுக்கப்பட்ட எலிகளின் சிறுமூளைக் கலங்கள் அழிந்தமை வெளிவந்தது. 1995இல் அந்நாட்டின் போதைப்பொருள் ஆய்வு நிறுவகம் இம்முயற்சியிலிருந்து விலகிக்கொண்டது.

அச்சம் ஆதாரமற்றதன்று. இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் பொட்டாசிய வாயில்களை இபோகெயின் அடைக்கிறது. துடிப்பு தடுமாறி உயிரே போகலாம். 1990 முதல் 2008 வரை இதனை உட்கொண்டபின் நேர்ந்த 19 மரணங்களை 2012இல் வெளியான ஆய்வொன்று பட்டியலிட்டது. இறந்தோருட் பலர் முன்னரே இதயநோய் உடையவர்கள், அல்லது வேறு போதைப்பொருட்களையும் எடுத்திருந்தவர்கள்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியுள்ளது. ஆய்வு நின்றது, பாவனை நிற்கவில்லை. வேறு வழியற்றோர் மெக்சிக்கோ முதலான நாடுகளின் தனியார் நிலையங்களைத் தேடிச் சென்றனர். இதயத்தைப் பரிசோதித்து, கண்காணித்துக் கொடுத்திருக்க வேண்டிய மருந்து, கண்காணிப்புக் குறைந்த அறைகளுக்குள் சென்றது. தடை ஆபத்தை நீக்கவில்லை. அதனைப் பார்வையிலிருந்து மறைத்தது.

2024இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர், மூளைக்காயமுற்ற 30 முன்னாள் அமெரிக்கச் சிறப்புப் படையினர் மெக்சிக்கோவில் பெற்ற சிகிச்சையின் விளைவுகளை வெளியிட்டனர். இதயத்தைக் காக்க மக்னீசியமும் கொடுக்கப்பட்டது. ஒரு மாதத்தின்பின் மனச்சோர்வும் பதற்றமும் பெரிதும் தணிந்திருந்தன. பாரதூரமான இதயப் பாதிப்பு எவருக்கும் நேரவில்லை. ஆயினும் ஒப்பிடுவதற்கு மருந்து பெறாத குழு அங்கில்லை. ஆதலால் இது நம்பிக்கையே, நிரூபணமன்று. 2025இல் டெக்சாஸ் மாநிலம் மேலதிக ஆய்வுக்கு 50 மில்லியன் டொலர் ஒதுக்கியது.

போதைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. நம் சமூகமும் விலக்கன்று. அவர்களுக்குக் கூறக்கூடியது இதுவே: வைத்தியக் கண்காணிப்பின்றி இதனை நாடுவது உயிராபத்து. விஞ்ஞானத்திடம் கேட்கவேண்டியதோ வேறு. 1962இல் ஓர் இளைஞர் எழுப்பிய வினாவுக்கு, விடை காணும்வரை அது மீண்டும் முகந்திருப்பலாகாது.